புத்தகக் கட்டு வாங்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாசிக்கத் திணறும் பிள்ளைக்கென்று தேயிலைத் தோட்டத்துப் பெற்றோர் கடன்பட்டுப் பயிற்சிப் புத்தகக் கட்டுகளை வாங்குவதைக் காண்கிறோம். பெரும்பாலும் அது வீண்செலவு. இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களை அதன் இணையத்தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வயதைப் பார்க்காமல் பிள்ளையின் படியைப் பார்த்து எடுங்கள். தரம் 4 பிள்ளை ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுமாறினால் தரம் 3, அதுவும் கடினமென்றால் தரம் 2. கணக்கில் அதே பிள்ளை தரம் 4இலேயே இருக்கலாம். எல்லாப் பாடமும் ஒரே தரத்தில் வரும் கட்டு இங்கேதான் பொருந்தாமல் போகிறது.

தமிழில் பெரிய இடறல் கொம்பு. 'கெ'யில் கொம்பு முன்னே நிற்கிறது, ஒலியோ 'க்'கில் தொடங்குகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் பிரிகிறது. ஆகவே க, கா, கி, கீ நன்றாகப் பழகிய பிறகே கெ, கே, கை. கடைசியில் கொ, கோ. கு, சு, து என வடிவம் மாறும் உகர வரிசையை எழுத்தெழுத்தாகத்தான் காட்டவேண்டும். ண, ன, ந மூன்றையும் ஒரே நாளில் கொடுக்கவே கூடாது.

பழைய அட்டைப்பெட்டியை வெட்டினால் எழுத்து அட்டை. பத்துப் பத்தாக றப்பர் பட்டி போட்ட ஈர்க்குக் கட்டு, கூட்டலுக்கும் கழித்தலுக்கும் போதும். ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளுக்கு இரு தடவை. போட்டோ கொப்பியில் காசு மிச்சம் பிடிக்க இரண்டு பக்கங்களைச் சுருக்கி ஒரு பக்கமாக அடிக்காதீர்கள். எழுத்து சிறுத்தால் இந்தப் பிள்ளைகள் வரியைத் தவறவிடுவார்கள்.

5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், இவை பாடசாலையோடு சேர்த்துச் செய்யவேண்டியவை.

ஹட்டன் வாசகர்கள் சிலர்