விஜயாவுக்கு, திருச்சியிலிருந்து

அன்புள்ள விஜயாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. அம்மாவுக்குக் காதுதான் இன்னும் மந்தம். நம் ஊர் விமான நிலையத்தின் புது முனையத்தை நீ பார்த்ததில்லை அல்லவா? 2024 ஜூனிலிருந்து எல்லாம் அங்கேதான் நடக்கிறது. வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

"விமான டிக்கெட் எல்லாம் போனிலேயே கிடைக்கும்போது ஏஜெண்ட் எதற்கு அத்தை?" என்று உன் மருமகன் கேட்டாராமே. நியாயமான கேள்விதான். நாம் இரண்டு பேரும் டிராவல் ஏஜென்சிக் கவுண்டரில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், அதனால் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் அலுவலகத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்கி, வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனவர்களை உனக்கு நினைவிருக்கும். விமானம் என்றாலே நமக்கில்லை என்று நினைத்தவர்கள் அவர்கள். அந்தத் தயக்கத்தை உடைத்தது இணையம்தான். நம் மக்களுக்கு அதில் டிக்கெட் எடுக்கப் பழக்கியது ரயில்வே. 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி தொடங்கியபோது பணத்தைத் திரையில் கட்டுவோம், டிக்கெட் கூரியரில் வரும். அடுத்த வருஷமே பெங்களூரிலிருந்து கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானை ஆரம்பித்தார். சொந்த வலைத்தளம், சொந்த அழைப்பு மையம், பெட்ரோல் பங்கில்கூட டிக்கெட். ஒரு ரூபாய் டிக்கெட் என்று அவர் விளம்பரம் செய்தபோது நம் மேனேஜர் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தக் கம்பெனி சில வருஷங்களிலேயே கிங்ஃபிஷரோடு கலந்து காணாமல் போனது. ஆனால் அது திறந்துவிட்ட கதவை யாராலும் மூட முடியவில்லை. 2024-இல் உள்நாட்டு விமானங்களில் மட்டும் 16 கோடிக்கு மேல் பயணிகள் போயிருக்கிறார்கள். இது நாம் வருத்தப்பட வேண்டிய விஷயமே இல்லை.

நம்மை அடித்தது வேறு. ஒரு காகித டிக்கெட்டுக்கு 10 டாலர் செலவாகிறது, மின்டிக்கெட்டுக்கு 1 டாலர்தான் என்று உலக விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டா கணக்குச் சொன்னது. 2008 ஜூன் 1 முதல் காகிதம் நின்றது. கை முழுக்கச் சிவப்பு கார்பன் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கட்டுகளைத் திருப்பி அனுப்பினோம். விமானக் கம்பெனிகள் ஏஜெண்டுக்குத் தந்த கமிஷன் ஒரு காலத்தில் 9 சதவீதம், அப்புறம் 5. அதே 2008-இல் பல வெளிநாட்டுக் கம்பெனிகள் அதையும் பூஜ்யமாக்கின. அமெரிக்காவில் இது முன்பே ஆரம்பித்துவிட்டது. உள்நாட்டில் போக வர எடுக்கும் டிக்கெட்டுக்கு 50 டாலருக்கு மேல் கமிஷன் இல்லை என்று டெல்டா விமானக் கம்பெனி 1995-லேயே வரம்பு கட்டியது. நேரடியாக விற்கும் வழி கிடைத்த பிறகு நடுவில் இருப்பவருக்கு யார் கொடுப்பார்கள்?

ஆனால் நடுவில் இருப்பவர் போய்விட்டாரா? இங்கேதான் உன் மருமகனோடு நான் ஒத்துப்போகவில்லை. அவர் போகவில்லை, ஆள் மாறியிருக்கிறார்.

இந்தத் தொழிலில் ஆரம்பத்திலிருந்தே சண்டை ஒன்றுதான்: பயணி பார்க்கும் திரையை யார் அடுக்குவது? அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து செய்த சேபர் என்ற கணினி முன்பதிவு அமைப்பு, 1976-இலிருந்து ஏஜெண்டுகளின் மேசைக்கு வந்தது. ஏஜெண்ட் பெரும்பாலும் முதல் பக்கத்தில் தெரிவதைத்தான் விற்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் தங்கள் விமானங்கள் மேலே வரும்படி அடுக்கினார்கள். மற்ற கம்பெனிகள் கூச்சல் போட, 1984-இல் அமெரிக்க அரசு விதி போட்டுத் தடுத்தது. அப்புறம் இணையம் வந்தது. 1996-இல் சேபரிடமிருந்து டிராவலாசிட்டி, மைக்ரோசாஃப்டிடமிருந்து எக்ஸ்பீடியா என்று டிக்கெட் விற்கும் தளங்கள் வந்தன. அவை பெரிதாகிவிட்டன என்று பயந்து அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பெனிகள் ஐந்து ஒன்றுகூடி 2001-இல் ஆர்பிட்ஸ் என்ற சொந்தத் தளத்தை ஆரம்பித்தன. விலை தேடும் மென்பொருள் செய்த ஐடிஏ நிறுவனத்தை கூகுள் 2011-இல் வாங்கியது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானக் கம்பெனி பல காலம் எந்தத் தளத்திலும் தன் விலையைக் காட்டாமல் பிடிவாதமாக இருந்தது. அதுவே 2024-இல் கூகுளில் காட்ட ஆரம்பித்துவிட்டது.

எனக்கு மிகவும் பாடமாக இருந்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கதை. திரையை அடுக்கி வைத்து ஜெயித்த அதே கம்பெனி, ஏஜெண்டுகளை ஓரம் கட்டிவிட்டு எல்லோரையும் தன் தளத்துக்கே இழுக்கப் பார்த்தது. வேலை விஷயமாக அடிக்கடி பறக்கும் பெரிய நிறுவன வாடிக்கையாளர்கள் விலகிப் போனார்கள். 2024 மே மாதம் வருமானக் கணிப்பைக் குறைத்தார்கள், அந்தத் திட்டத்தை நடத்திய வாசு ராஜாவும் வெளியேற வேண்டியதாயிற்று. ஆள் வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை, விஜயா.

சரி, போன் திரைக்கு வருவோம். "இந்த விலையில் 2 சீட்தான் மீதி" என்று சிவப்பில் வருமே, உன் மருமகன் அதைப் பார்த்துப் பதறித்தான் வாங்கியிருப்பார். விமானத்தில் இரண்டே இடம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. உனக்குத் தெரியும், ஒவ்வொரு விலைக்கும் ஒரு எழுத்து, அந்த எழுத்தில் எத்தனை சீட் என்று தினமும் கம்பெனி கூட்டிக் குறைக்கும். நம் திரையில் எந்த எழுத்துக்குப் பக்கத்திலும் 9-க்கு மேல் காட்டாது. 9 என்றால் ஒன்பதோ, அதற்கு மேலோ. நாம் அதைப் பார்த்து "அம்மா, இரண்டு நாள் பொறுங்கள்" என்றோ "இப்போதே எடுத்துவிடுங்கள்" என்றோ சொல்வோம். இப்போது அந்த வார்த்தையைச் சொல்லும் இடத்தில் விற்பவரே இருக்கிறார். அவர் பொறுக்கச் சொல்வாரா?

மேலே காட்டும் விலை ஒன்று, பணம் கட்டும்போது வேறு. சீட் தேர்வுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, கன்வீனியன்ஸ் ஃபீ ஆளுக்கு ஒன்று. குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைக்கக் காசு கேட்கிறார்கள் என்று புகார்கள் குவிந்து, 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் கொடுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஏப்ரலில் உத்தரவு போட வேண்டியிருந்தது. கேட்காமலேயே இன்சூரன்ஸைக் கூடையில் சேர்ப்பது, கடைசிப் படியில் விலையைக் கூட்டுவது, பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாவற்றையும் 2023 நவம்பரில் மத்திய அரசு தடை செய்திருக்கிறது. தடை வந்தது நல்லது. ஆனால் டிக்கெட் எடுக்கும் அந்த ஐந்து நிமிஷத்தில் இதை யார் எடுத்துச் சொல்வது?

போன மாதம் பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். தம்பி ஏதோ ஒரு தளத்தில் கொஞ்சம் மலிவாக டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். விமானம் ரத்து. விமானக் கம்பெனியைக் கேட்டால் "வாங்கின இடத்தில் கேளுங்கள்" என்கிறார்கள். தளத்தைக் கூப்பிட்டால் இயந்திரக் குரல், கடைசியில் ஒரு பையன், "கம்பெனியிலிருந்து பணம் வரவில்லை சார்." விசா தேதி நெருங்குகிறது. மனுஷன் கண் கலங்கிவிட்டார். அது நாங்கள் போட்ட டிக்கெட் இல்லை, ஆனாலும் எப்படி அனுப்ப முடியும்? இந்தியக் கம்பெனி என்பதால் டிஜிசிஏ விதி தெளிவாக இருக்கிறது: ஏஜெண்ட் வழியாகவோ தளம் வழியாகவோ வாங்கினாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமானக் கம்பெனிக்குத்தான். அந்தப் பத்தியை அச்செடுத்து, விமானப் பயணிகளுக்கான அரசின் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் பதிந்து கொடுத்தேன். பணம் வந்தது. ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார்.

இந்த விதி எத்தனை பேருக்குத் தெரியும்? படித்தவர்கள்கூட இரண்டு பக்கமும் அலைந்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஆத்திரமாக வருகிறது எனக்கு. பயணி பக்கம் நின்று பேச ஒரு ஆள் இல்லை என்பதுதான் இந்த மலிவு விலையில் எழுதாமல் விட்ட செலவு. அதனால் உன் மருமகனிடம் இப்படிச் சொல்: சென்னை, பெங்களூர் போகிற நேரடி டிக்கெட்டைத் தாராளமாக போனிலேயே எடுக்கட்டும், ஆனால் கம்பெனியின் சொந்தத் தளத்தில். தேடுவதற்கு மட்டும் மற்ற தளங்கள். இரண்டு மூன்று கம்பெனி மாறி ஏறுவது, வேலை விசா, வயதானவர் தனியாகப் போவது என்றால் மட்டும் ஒரு மனுஷரிடம் வரட்டும்.

அப்புறம், பெயர் விஷயம். நம் ஊர்க்காரர்களின் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் பாதிப் பேருக்குக் காலிதான். தளங்களோ அதை நிரப்பாமல் நகர விடாது. பிள்ளைகள் புள்ளி வைக்கிறார்கள், இனிஷியல் போடுகிறார்கள், எதையோ போட்டு நகர்த்துகிறார்கள். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு எமிரேட்ஸ் நாடு சொன்னபோது இங்கே ஒரே களேபரம். பிறகு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். உன் பாஸ்போர்ட்டும் அதே மாதிரி ஒற்றைப் பெயர்தான் என்று நினைவு.

தையில் சிங்கப்பூர் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இதைச் சொல்கிறேன். நீயாக எதையும் தட்டிவிடாதே. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, ஒவ்வொரு கம்பெனிக்கும் பெயர் போட ஒரு வழக்கம் இருக்கிறது, நான் பார்த்துப் போடுகிறேன். பொங்கலை ஒட்டி விலை ஏறிவிடும், இந்த வாரத்துக்குள் தேதியைச் சொல். முழங்காலுக்குச் சக்கர நாற்காலியும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். கூச்சப்படாதே, அதற்குப் பெரும்பாலும் காசு இல்லை.

அன்புடன்,
மல்லிகா