புலன்கள் எதற்குச் சான்று?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புலன்களால் அறியப்படாத எதையும் நம்புவது அறிவுக்கு ஒவ்வாது என்று வாதிட்ட கட்டுரையைத் தங்கள் நாளிதழில் வாசித்தேன். மூடநம்பிக்கையை எதிர்க்கும் அதன் அக்கறை எனக்கும் உண்டு. ஆயினும் அனுபவவாதம், அதாவது அறிவு அனுபவத்திலிருந்தே பிறக்கிறது என்னும் கொள்கை, என்று அது முன்வைப்பது, அந்தச் சிந்தனை மரபின் மிகக் குறுகிய வடிவமே.

மனத்தை எழுதப்படாத வெள்ளைத்தாளுக்கு ஒப்பிட்ட ஆங்கிலேய அனுபவவாதி ஜான் லாக்கும்கூட, புலனுணர்வோடு, மனம் தன் செயல்களைத் தானே கவனித்து அறிவதையும் அறிவின் ஊற்றாக ஏற்றார். அதே மரபின் ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் டேவிட் ஹியூம் 1748இல் வெளியிட்ட நூலில், கணித உண்மைகள் சிந்தனையால் மட்டுமே அறியத்தக்கவை என்று தனியே பிரித்து வைத்தார். ஒரு பந்து மற்றொன்றில் மோதும்போது அடுத்தடுத்து நிகழும் இரு அசைவுகளைத்தான் காண்கிறோமே தவிர, முதலாவது இரண்டாவதைக் கட்டாயமாக நிகழ்த்துவதைக் கண் காண்பதில்லை என்று காட்டியவரும் அவரே. கட்டுரையாளரின் அளவுகோலை அப்படியே ஏற்றால், நெருப்பு நாளையும் சுடும் என்பதைக்கூட நாம் நம்ப இயலாது. காட்சி ஒன்றையே அளவையாக, அதாவது அறிவுக்கான வழியாக, கொண்ட பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எவ்வாறு அறிவாய் என்று மணிமேகலை கேட்டதும் இதே இடத்தில்தான்.

நம்பிக்கை புலன்களிலிருந்து பிறக்க வேண்டியதில்லை. உலகைப் பற்றியதாயின், புலன்களின் தீர்ப்புக்கு அது உட்பட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. யுரேனஸின் பாதையில் தெரிந்த பிறழ்வைக் கொண்டு, எவரும் கோள் என்று அறிந்திராத ஒன்றின் இருப்பிடத்தைப் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்கிட்டார். 1846 செப்டம்பரில் பெர்லின் வானியலாளர்கள், அவர் குறித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் நெப்டியூனைக் கண்டனர். பின்னர் புதனின் பாதையில் தெரிந்த பிறழ்வுக்கும் அவர் அதே முறையில் விளக்கம் தேடி, சூரியனுக்கு அருகே வல்கன் என்ற கோள் இருப்பதாக நம்பினார். தேடியவர்களுக்கு அது அகப்படவே இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை அந்தப் பிறழ்வை வேறு வழியில் விளக்கியது. கணித்தவர் ஒருவரே, சிந்தித்த முறையும் ஒன்றே. இரண்டையும் வேறுபடுத்தியது தொலைநோக்கியின் வழியே கண்டதும் காணாததும்தான்.

நெப்டியூன் கண்ணில் படுவதற்கு முன்பு அதை நம்பியவரைக் கட்டுரையாளர் எந்த வகையில் சேர்ப்பார் என்பதைத் தங்கள் இதழிலேயே விளக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்