நியூ கிளாரஸ்: அந்தப் பால்கனிகளுக்கு வயது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து நியூ கிளாரஸ் கிராமம் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய மேடிசனில் இருப்பவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை. சுவிட்சர்லாந்தை அப்படியே நூற்றெழுபது வருஷமாகக் காப்பாற்றி வருகிறார்கள் என்று கட்டுரையாளர் உருகியிருக்கிறார். மர பால்கனியையும் பூந்தொட்டியையும் பார்த்து முதல் தடவை நானும் ஏமாந்தேன்.

இந்த ஊரை நிறுவிய சுவிஸ் மக்கள் ஊர் சுற்ற வந்தவர்கள் அல்ல. 1840களில் சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியின் நெசவுத் தொழிலை இயந்திரம் விழுங்கிவிட, உருளைக்கிழங்கும் பொய்த்துப்போக, இனி இங்கே சோறில்லை என்று ஊர்க்காரர்களே சங்கம் வைத்து, நிலம் பார்க்க நிக்கோலஸ் டூர்ஸ்ட், ஃப்ரிடோலின் ஸ்ட்ரைஃப் என்ற இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் 1,200 ஏக்கர் வாங்கிப் போட்டார்கள். பால்டிமோரில் கப்பல் இறங்கி, 1845 ஆகஸ்டில் வந்து சேர்ந்த நூற்றுச் சொச்சம் பேருக்கு, குடும்பத்துக்கு 20 ஏக்கர் வீதம் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் இங்கே கோதுமை போட்டார்கள்! மண் சத்துப் போய், பூச்சியும் அடித்த பிறகுதான் மாடும் பாலாடைக்கட்டியும். அப்புறம் 1910ல் பெட் மில்க் நிறுவனத்தின் பால் சுண்டவைக்கும் ஆலை வந்தது, ஊர் அதை நம்பியே அரை நூற்றாண்டு ஓட்டியது.

1962ல் ஆலை மூடப்பட்டது. கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை, ஆனால் கதையே இங்கேதான் திரும்புகிறது. சுவிஸ் வீரக்கதை நாயகன் வில்லியம் டெல் பெயரிலான விழா 1938லிருந்தே நடந்து வந்தது, சுவிஸ் பாணியில் ஒன்றிரண்டு கட்டடங்களும் இருந்தன, சரி. மற்றபடி கடைத்தெரு அக்கம்பக்கத்து ஊர்கள் மாதிரிதான். பிழைக்க வேறு வழி பார்த்தபோதுதான் கடை முகப்புகள் பெருமளவில் சுவிஸ் வேஷம் கட்டின. இதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்கு இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் பிடித்திருக்கிறது. ரயில் நின்றுபோன பாதையையும் சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள்.

இன்று சுமார் 2,200 பேர் வசிக்கிறார்கள். 1993ல் தொடங்கிய மதுபான ஆலையின் பீர் விஸ்கான்சினுக்கு வெளியே விற்பனைக்கு இல்லை. அதனால் சனிக்கிழமைகளில் பக்கத்து மாநிலமான இல்லினாயின் நம்பர் கார்கள் டிக்கி நிறைய ஏற்றிக்கொண்டு தெற்கே போவதைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மேடிசன் வாசகன்