பழைய லோகோ ஷெட் டர்ன்டேபிள் குழியில் தேங்கும் மழைநீரை வடித்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற லோகோ தொழிலாளர்கள்
(பிட்டர், பாய்லர்மேக்கர், பயர்மேன், ஷண்டர்)

பெறுநர்:
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்

பொருள்: மீட்டர்கேஜ் காலத்து லோகோ ஷெட்டின் (இன்ஜின் கொட்டகையின்) டர்ன்டேபிள் (இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடை) நீரில் மூழ்கி அழிவது – வடிகால் அமைத்துக் காத்திடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு அனுப்பிய மனுக்கள். எதற்கும் பதில் இல்லை.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். ஸ்டேஷனுக்குத் தெற்கே, கூட்ஸ் லைன் முடிகிற இடத்தில், கருவை மண்டிக் கிடக்கும் ஷெட்டைத் தாங்கள் ஆய்வுக்கு வரும்போது ஜன்னல் வழியாகவே பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றியே மறுபடியும் எழுதுகிறோம்.

1. இந்தத் தடம் கம்பெனிக்காரன் தானாகப் போட்டது அல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்து வசூலித்த ரயில் வரியில் போட்டது. மாயவரம்–முத்துப்பேட்டை 1894இல் திறந்தது. பிறகு அறந்தாங்கி வரை நீண்டது. வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. 1951இல் தெற்கு ரயில்வே ஆனது. இந்தப் பக்கத்து மிராசுதாரும் குத்தகைக்காரரும் கட்டிய காசு அந்தச் செங்கல்லில் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

2. ஷெட்டில் இன்று மிச்சம் இருப்பவை: ஆஷ் பிட் (சாம்பல் தள்ளும் குழி), இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய்த்தூணின் அடிப்பகுதி, கூரை போன இரண்டு ரோடு (இன்ஜின் நிற்கும் தடம்), டர்ன்டேபிள். கடலோரத் தண்ணீர் உப்புத் தண்ணீர் ஆனதால் பாய்லரில் காறை (உப்புப் படிவு) சீக்கிரம் கட்டும். வாஷ்அவுட்டை (பாய்லரைக் கழுவுவதை) தள்ளிப்போட முடியாது. நெருப்பை இறக்கி, பாய்லர் ஆறும்வரை காத்திருந்து, பிளக்குகளைக் கழற்றி, குழாய்த் தண்ணீரை அழுத்தத்தோடு விட்டுக் காறையைச் சுரண்டி எடுப்பார்கள். நெருப்பு எரியும் அறையின் மேல்தகட்டில் உள்ள ஈயப் பிளக்கையும் பார்த்தாக வேண்டும். தகட்டின் மேல் தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். காறை மூடிய பிளக் அந்த வேலையைச் செய்யாது. பெரிய ரிப்பேருக்கு மட்டும் இன்ஜின் திருச்சி பொன்மலைப் பணிமனைக்குப் போகும். மற்றதெல்லாம் இங்கேதான் நடந்தது.

3. எங்கள் மனக்குறை டர்ன்டேபிள்தான் அய்யா. டெண்டர் (பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) கோத்த இன்ஜினைத் திருப்பி நிறுத்த இருந்த ஒரே வழி அது. மோட்டார் கிடையாது. நடுவில் உள்ள பிவட் (சுழலும் அச்சு) மேல் முழுப் பாரமும் உட்காரும்; இரு முனைச் சக்கரங்களும் வட்டத் தண்டவாளத்தை லேசாகத்தான் தொட வேண்டும். ஒய்.பி. ரக நீராவி இன்ஜின் ஏறினால் டெண்டரோடு சேர்த்து 90 டன்னைத் தாண்டும். அதை இரண்டு பேர் தடியைப் பிடித்துத் தள்ளித் திருப்பினார்கள் என்றால் இன்று நம்ப மாட்டார்கள். சூட்சுமம் நிறுத்துவதில் இருக்கிறது. டெண்டரில் தண்ணீர் நிறைந்திருந்தால் பாரம் பின்னால் போகும், அதனால் இன்ஜினை ஓர் அடி முன்னே விட வேண்டும். காலியாக இருந்தால் பின்னே. தவறினால் ஒரு முனை தண்டவாளத்தில் அழுந்திக்கொள்ளும். பத்துப் பேர் தள்ளினாலும் நகராது.

அந்த பிவட் இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது. ஐப்பசியில் நிரம்பினால் மாசி வரை வற்றுவதில்லை. கர்டரின் (டர்ன்டேபிளின் இரும்பு உத்தரத்தின்) கீழ்ப்பட்டையில் துரு அப்பளம் போலப் பெயர்ந்து கையோடு வருகிறது. ரிவெட் தலைகள் தேய்ந்து தட்டையாகிவிட்டன. கிரீஸ் கப்பின் மூடியைக் காணோம். அந்த ஓட்டை வழியாகச் சேறு உள்ளே இறங்கியிருக்கிறது. குழியை ஒட்டிய குவார்ட்டர்ஸில் குடியிருப்போருக்குக் கொசுத்தொல்லை வேறு.

காரணம் தெரியாத நோய் அல்ல இது. குழியின் தென்மேற்கு மூலையில் 9 அங்குலக் களிமண் குழாய் உண்டு. அந்தக் காலத்தில் தண்ணீர் அதன் வழியாக வாய்க்காலுக்குப் போய்விடும். அகலப்பாதைக்கு மண்ணடித்துக் கரையை உயர்த்தியபோது குழாயின் வாய் புதைந்தது. புதிதாக வெட்டிய பக்கவாட்டு வடிகாலின் தரையோ குழியின் தரையைவிட உயரம். ஆகவே குழாயைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது; வடிகால் தண்ணீர் திரும்பக் குழிக்குள்ளேயே பாயும். 2019இல் காரைக்குடி–திருவாரூர் அகலப்பாதை முழுவதும் திறந்தது முதல் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஒரு பிரிவைக் கேட்டால் “இது மெக்கானிக்கல் சொத்து” என்கிறார்கள். அங்கே போனால் “ஷெட் மூடியாகிவிட்டது, இனி இன்ஜினியரிங் பொறுப்பு” என்கிறார்கள். யார் சொத்தாக இருந்தால் என்ன அய்யா, தண்ணீரை இறைக்க ஒருவர் வரக் கூடாதா? டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனவர்கள்கூட அதன்பின் திரும்பவில்லை.

4. செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல:

அ) ஆயில் இன்ஜின் வைத்துக் குழியை இறைக்க வேண்டும்.

ஆ) சேற்றை ஆள் வைத்து மண்வெட்டியால் அள்ள வேண்டும். தயவுசெய்து ஜே.சி.பி. இறக்க வேண்டாம். வாளிப் பல் பட்டால் வட்டத் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புத் தாங்கிகளும் பிவட் போல்ட்டுகளும் உடையும். உடைந்தால் அதே அளவில் வார்த்துத் தர இன்று ஆள் இல்லை.

இ) மூலையில் சிறு தொட்டி கட்டி, தண்ணீர் ஏறினால் தானே ஓடும் மிதவை சுவிட்ச் மோட்டார் வைத்து, வடிகாலின் மேல்மட்டத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். பழைய குழாயின் வாயை நிரந்தரமாக அடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் வீண்.

ஈ) ஜாக்கி கொடுத்து கர்டரைத் தூக்கி, பிவட் மூடியைக் கழற்றி, டீசலில் கழுவிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு இரண்டு கோட்.

இதில் ‘ஈ’ வேலைக்கு எங்களில் பிட்டர்கள் கூலி வாங்காமல் வந்து உடன் நிற்பார்கள். அனுமதி மட்டும் போதும்.

5. ஸ்கிராப் ஏலப் பட்டியலில் டர்ன்டேபிளைச் சேர்க்கக் கூடாது. கேஸ் கட்டரோடு ஆள் வந்த பிறகு மனு எழுதி என்ன பயன்? இங்கே வைக்க முடியாது என்றால் திருச்சி ரயில்வே அருங்காட்சியகத்துக்காவது முழுசாகக் கொண்டுபோங்கள், வெட்டாதீர்கள்.

6. தண்ணீரை வடித்துத் தாருங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து குழியின் விளிம்பில் நின்று பார்த்து, எந்தப் பிரிவு இதைச் செய்ய வேண்டும் என்று எழுத்தில் ஓர் உத்தரவு போடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இந்த மனுவுக்காவது பதில் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற லோகோ தொழிலாளர்கள்

இணைப்பு: குழி, பழைய குழாய், புது வடிகால் ஆகியவற்றின் மட்டங்களைக் காட்டும் கைவரைபடம் – 1