சிரித்தால் என்ன ஆகிறது என்று கேளுங்கள்: பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருத்துவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 19 வயதில் தொடங்கிய நோய் இது. பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நார்கோலெப்சி. அந்தப் பெயர் தெரிய வந்தபோது வயது 30. இடையில் உங்களில் ஐந்து பேரைப் பார்த்துவிட்டேன். ஒருவர் இரத்தசோகை என்றார், ஒருவர் தைராய்டு பார்த்தார், ஒருவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். "ராத்திரி போனை வைத்துவிட்டுத் தூங்கும்மா" என்று சொல்லி அனுப்பியவரும் உண்டு. சிரித்தால் என்ன ஆகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

சிரித்தால் விழுவேன். ஒரு நாள் தம்பி ஏதோ கிண்டல் செய்தான். முதலில் தாடை தொங்கியது, அப்புறம் கழுத்து, அப்புறம் முழங்கால். கையிலிருந்த பாட்டில் உருண்டு போகும் சத்தம் கேட்டது. தம்பி பதறிக் கூப்பிட்டதும் கேட்டது. நினைவு கொஞ்சமும் தப்பவில்லை. விரலைத்தான் அசைக்க முடியவில்லை. அரை நிமிடத்தில் எழுந்துவிட்டேன். வலிப்பாக இருக்கும் என்று தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது.

ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சின்ன இழப்பு அது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில், விழிப்பைக் காக்கும் ஓரெக்சின் என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சில பத்தாயிரம்தான் இருக்கும். 1998-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இந்தப் பொருளைக் கண்டுபிடித்தன. பசியைத் தூண்டுவது என்று நினைத்து, பசிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரு குழு வைத்த பெயர்தான் ஓரெக்சின். அடுத்த ஆண்டே கதை மாறியது. நார்கோலெப்சி உள்ள நாய்களில், ஓரெக்சின் வந்து ஒட்டும் ஏற்பியின் மரபணு பழுதாகியிருப்பதை ஆய்வாளர் எம்மானுவேல் மிக்னோவின் குழு காட்டியது. இன்னொரு ஆய்வாளர் மசாஷி யனகிசாவாவின் குழு ஓரெக்சின் இல்லாத எலிகளை உருவாக்கியது. அவையும் அப்படியே சரிந்தன. 2000-இல், எங்களைப் போன்றவர்களின் மூளையில் இந்த அணுக்கள் அநேகமாக அழிந்துபோயிருப்பது தெரிந்தது.

விழிப்புக்கு வேலை செய்யும் பொருள்கள் பல: ஹிஸ்டமின், நோரட்ரினலின், டோபமின். (சில சளி மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவருவது ஹிஸ்டமினைத் தடுப்பதால்தான்.) ஓரெக்சின் இவற்றை மேய்க்கும் மேஸ்திரி. மேஸ்திரி இல்லாத இடத்திலும் வேலை நடக்கும். எப்போது நிற்கும் என்றுதான் சொல்ல முடியாது. கனவு காணும் தூக்கத்தில் எல்லோருக்கும் உடல் தளரும். எனக்கு அந்தத் தளர்ச்சி விழித்திருக்கும்போதே சிரிப்போடு உள்ளே நுழைந்துவிடுகிறது. அதற்குக் கேட்டப்ளெக்ஸி என்று பெயர்.

மோடாஃபினில், பிடோலிசன்ட் எல்லாம் மேஸ்திரியை விட்டுவிட்டு ஆட்களை நேராக விரட்டும் மருந்துகள். உதவுகின்றன, போதவில்லை. ஓரெக்சினையே விழுங்கினால் வயிற்றில் செரித்துப்போகும். அதன் ஏற்பியைத் தூண்டும் மாத்திரை செய்வதோ பெரும்பாடு. தடுப்பது சுலபம் போல; தூக்கம் வராதவர்களுக்காக அந்த ஏற்பியைத் தடுக்கும் மருந்து சுவோரெக்சன்ட் 2014-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. எங்களுக்காக ஏற்பியைத் தூண்ட வந்த முதல் மாத்திரை நன்றாக வேலை செய்தும் கல்லீரலைக் கெடுத்ததால் 2021-இல் சோதனையை நிறுத்தினார்கள். அடுத்து வந்தது ஓவெபொரெக்ஸ்டான். 112 பேரிடம் எட்டு வாரம் நடந்த சோதனையின் முடிவு 2025-இல் வெளியானது: விழிப்பு கூடியது, சரிந்து விழுவது குறைந்தது, கல்லீரல் தொல்லை தென்படவில்லை. இரவில் தூக்கம் கெடுவதும் அடிக்கடி சிறுநீர் முட்டுவதும் சிலருக்கு உண்டு.

இந்த மாத்திரை குறிவைப்பது ஓரெக்சினை இழந்தவர்களை. சிரிக்கும்போது தளர்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அதனால்தான் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய். உங்கள் அறைக்கு எப்போதாவதுதான் வருவோம், ஒத்துக்கொள்கிறேன். பகலெல்லாம் தூங்கி வழிகிறேன் என்று யாராவது சொன்னால் இரத்தப் பரிசோதனை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, சிரித்தால் முழங்காலோ தாடையோ தளர்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

நாங்களாகச் சொல்வோம் என்று காத்திருக்க வேண்டாம். சிரிப்பு வரும்போல இருந்தால் சுவரில் சாய்ந்துகொள்ள நாங்கள் எப்போதோ பழகியிருப்போம். அது நோய் என்று எங்களுக்கே தெரிந்திருக்காது.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருத்தி