கம்பளி காய்ந்துவிட்டது

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிஷன் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

அப்பா வீடு திரும்பிவிட்டார். இடது கைதான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்க மறுக்கிறது. வலது கையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, தேநீருக்குச் சீனி போதவில்லை என்று என்னோடு சண்டை போடுகிறார். நீங்கள் இல்லையென்றால் இந்தச் சண்டை எனக்குக் கிடைத்திருக்காது.

ஜூன் மாத மழை பொகவந்தலாவைக்குப் புதிதா என்ன? ஆனால் அன்று அப்பாவின் வாய் கோணி, பேச்சுக் குழறியபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. 1990க்கு அழைத்தேன். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி சீக்கிரமே வந்தது. பாலத்தருகே மண்மேடு சரிந்து கிடந்ததால் அங்கேயே நின்றுவிட்டது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு கிலோமீற்றர் ஏற்றம். கொழும்பிலிருந்து நான் ஓட்டிவந்த வாகனம் பளபளவென்று முற்றத்தில் நின்றதுதான் மிச்சம்.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் கூடைகளைத் தேயிலை வரிசையிலேயே இறக்கிவைத்துவிட்டு வந்தீர்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அண்ணன்மார் அதே கத்தியால் இரண்டு மூங்கிலைச் சாய்த்தீர்கள். ஓர் அக்கா தன் தலையில் கிடந்த கம்பளியை உருவிக் கொடுத்தார். அதில் அப்பாவைக் கிடத்தி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து இறக்கினீர்கள். அட்டை கடித்த காலோடு முன்னால் போன அண்ணன் ஒருமுறைகூட நிற்கவில்லை. பின்னால் குடை பிடித்துக்கொண்டு நடந்ததுதான் நான் செய்த ஒரே வேலை. நோர்வூட் தாண்டி டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்த டாக்டர்மார், தாதிமார், இரவில் கஞ்சி கொண்டுவந்த ஆட்டோக்காரத் தம்பி எல்லோருக்கும் நன்றி.

மறுவாரம் கம்பளி தந்த அக்காவிடம் ஐயாயிரம் ரூபாய் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். அன்று நிறுவைக்குக் கொழுந்து போதாமல் அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்ததாம். அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபாய், அதில் பாதி 675. பக்கத்துக் கடையில் நோட்டை மாற்றி, 675ஐ எடுத்துக்கொண்டு மீதியை என் கையில் வைத்தார். “பேர் போனதுக்கு எடுத்துக்கொண்டேன் சின்னையா. தூக்கினதுக்கு எதற்குக் காசு?” என்றார். அந்த 4,325 ரூபாயைச் சட்டைப் பையில் போட எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதோடு நன்றி சொல்லி முடித்துக்கொள்ளலாம். முடிக்க மனம் வரவில்லை.

என் பூட்டனார் இந்தத் தோட்டத்தின் பெரியங்கங்காணி, அதாவது கூலியாட்களின் தலைமை மேற்பார்வையாளர். தமிழ்நாட்டு ஊரிலிருந்து ஆள்கட்டி வந்தவர். வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று எல்லாவற்றையும் ஆட்கள் பேரில் கடனாக எழுதினார். அவர்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தோட்டத்தை நடத்திய துரையிடம் தலைக்காசும் வாங்கினார். கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி ‘துண்டு’ என்ற சீட்டு இருந்தது. அது 1921இல் சட்டப்படி ஒழிந்தது. எங்கள் ஓட்டு வீடு ஒழியவில்லை. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது, அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்படி விண்ணப்பிக்க, இத்தனை வருடம் இங்கேயே இருந்தோம், இவ்வளவு வருமானம் என்று காட்ட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ரசீதும் கடிதமும் கட்டுக் கட்டாக இருந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா அறையில், ஒழுகும் தகரத்தின் கீழ், யார் தாளைச் சேர்த்து வைத்திருப்பார்கள்? நாங்கள் பிரஜைகளானோம். எங்களுக்குத் தாத்தா சொன்ன காரணம், “நாம் கெட்டிக்காரர்கள்” என்பது. நானும் வெகுகாலம் அதை நம்பினேன். கெட்டிக்காரத்தனத்தில் பாதி அந்தப் பெட்டிதான்.

பூட்டனார் செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்று கேட்கலாம். சரி, நான் செய்ததையே சொல்கிறேன். 2016இல் இதே பாதையைச் செப்பனிடக் கேட்டு மனு எழுதி, தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருந்த அப்பாவிடம் கையெழுத்துக்குக் கொண்டுவந்தீர்கள். “நமக்கெதற்கு வம்பு?” என்று அப்பா என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். என் வாகனம் உயரமானது. குழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் பிள்ளைத்தாய்ச்சிகளை இதே பாதையில் இதே போலக் கம்பளியில் தூக்கிப் போவதை மட்டும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குத் தோள் கொடுத்தவர்களில் இரண்டு பேர் அந்த மனுவோடு எங்கள் திண்ணையில் நின்றவர்கள். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

மனுவைப் புதிதாக எழுதியிருக்கிறேன். தமிழிலும் சிங்களத்திலும். பாதையின் படங்களும் சேர்த்தாகிவிட்டது. முதல் கையெழுத்து அப்பாவுடையது, வலது கையால் போட்டது. தேவையானால் பிரதேச சபைக்கும் கொழும்புக்கும் நடக்க என்னிடம் நேரமும் பெற்றோல் காசும் இருக்கின்றன. அதற்காக நீங்கள் யாரும் பேர் இழக்க வேண்டாம்.

அக்காவின் கம்பளியை அலசி, அடுப்படிப் பரணில் போட்டு நான்கு நாளாகிறது. ஓரத்தில் நீல நூலால் ஒட்டுப் போட்டிருக்கிறார். அந்த இடம்தான் காயத் தாமதமானது. சனிக்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குக் கொண்டுவருகிறேன். பிரட்டு கலைவதற்கு முன் வந்துவிடுவேன்.

கிளாக்கர் வீட்டு மகன்