பின்கட்டுத் தொட்டிகள்

அன்புள்ள மகளுக்கு,

நம் முலாம் பூசும் பட்டறையை எப்போதுதான் கைமாற்றப் போகிறீர்கள் என்று போன வாரம் போனில் கேட்டாய். மழுப்பிவிட்டேன். போனில் எனக்குக் கோவையாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

வாங்க ஒருவர் வந்தார். நிக்கல் தொட்டி, குரோம் தொட்டி, தொட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் ரெக்டிஃபையர் எல்லாம் சுற்றிப் பார்த்தார். விலையும் நல்ல விலைதான். கடைசியில் பின்கட்டில் கழிவுநீர்த் தொட்டிகளைக் காட்டி, "இதை எடுத்துவிட்டால் இன்னொரு முலாம் லைன் போடலாமே" என்றார். எனக்கு அதோடு மனசு விட்டுப்போனது.

அந்தத் தொட்டிகளை மறந்திருக்க மாட்டாய். மஞ்சள் தண்ணீர் பச்சையாக மாறுவதை வேடிக்கை பார்த்து, அப்பா மேஜிக் செய்கிறார் என்பாய். குரோம் பூசிக் கழுவிய தண்ணீரில் இருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். புற்றுநோய் தரும் விஷம். அமிலம் விட்டு பிஹெச்சை 2, 3-க்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டால் அது விஷம் குறைந்த டிரைவேலன்ட் குரோமியம் ஆகும். அதுதான் அந்தப் பச்சை. அப்புறம் சுண்ணாம்பு போட்டு 8, 9-க்கு ஏற்றினால் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றையும் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. இத்தனை பாடும் பெரும்பாலும் அரை மைக்ரானைத் தாண்டாத பூச்சுக்காக! பளபளப்பில் பாதிக்கு மேல் அடியில் இருக்கும் நிக்கலின் உழைப்பு, அது வேறு கதை.

உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. தொழில் தொடங்கி இரண்டாம் வருஷம். மெட்டாபைசல்ஃபைட் தீர்ந்துவிட்டது, காலையில் சரக்கு போயாக வேண்டும். ராத்திரி ஒரு தொட்டித் தண்ணீரை அப்படியே சாக்கடையில் திறந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. அந்த ஞாயிறு சர்ச்சில் திருவிருந்து. அம்மா அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போனாள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். நம் மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லி 1743-இல் வெளியிட்ட பொதுவிதிகளில் முதல் விதியே தீங்கு செய்யாதே என்பதுதான். நன்மை செய் என்பது இரண்டாவது. நானோ காணிக்கை தவறாமல் போட்டு, ஞாயிறு பள்ளியும் நடத்திக்கொண்டு, இரண்டாவதிலிருந்து தொடங்கியிருந்தேன்.

அடுத்த மாதமே கடன் வாங்கிப் பெரிய தொட்டி கட்டினேன். அந்த வருஷம் உனக்குச் சைக்கிள் வராததற்குக் காரணம் அதுதான். இப்போதாவது தெரிந்துகொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வந்தவருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். நம் பட்டறையில் கழிவுநீரைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பையன் தவணையில் எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். பணம் குறைவுதான், வரவும் நாளாகும். உன் பங்கும் அதில் இருக்கிறது. உனக்குச் சம்மதமா என்று எழுது. சம்மதம் இல்லையென்றாலும் எழுது.

ஒவ்வொரு புத்தாண்டும், நம்மை ஆண்டவரிடம் மறுபடி ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனையில், ஆண்டவரே, வேலையில் வைத்தாலும் சரி, ஓரமாக ஒதுக்கினாலும் சரி என்று எல்லாரோடும் சேர்ந்து சொல்கிறேன். இந்த வருஷம் இரண்டாவது பாதியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

அன்புடன்,
அப்பா